ஆசியாவை இருமுறை வென்ற பள்ளிக்கூட வாத்தியார்

ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியக் கால்பந்து அணி இரண்டே இரண்டு முறைதான் தங்கப் பதக்கம் வாங்கி இருக்கிறது. முதல் முறை 1951-ல் டெல்லியில். இரண்டாவது முறை 1962-ல் ஜகார்த்தாவில். அதற்குப் பிறகு இன்று வரை இல்லை.

இரண்டு தடவையும் ஆடிய வீரர்கள் வேறு வேறு. ஆனால் அணியைத் தயார் செய்து களத்தில் இறக்கியவர் ஒரே மனிதர். அவர் பெரிய பணக்காரர் அல்ல. ராணுவ அதிகாரி அல்ல. வெளிநாட்டில் பயிற்சி பெற்று வந்த நிபுணரும் அல்ல. ஐதராபாத் நகரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த பள்ளிக்கூட ஆசிரியர்.

அவர் பெயர் சையது அப்துல் ரகீம். கால்பந்து உலகம் அவரை "ரகீம் சாகிப்" என்று மரியாதையோடு அழைத்தது.

வாத்தியார் வேலை

ரகீம் 1909-ம் ஆண்டு ஆகஸ்டு 17-ந்தேதி ஐதராபாத்தில் பிறந்தார். அப்போது அது நிஜாம் ஆட்சியில் இருந்த சமஸ்தானம். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றார். படிக்கும்போதே பந்தாட்டத்தில் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தார்.

படிப்பு முடிந்ததும் ஆசிரியர் வேலைக்குப் போனார். காச்சிகுடா நடுநிலைப் பள்ளி, தாருல் உலூம் உயர்நிலைப் பள்ளி, சாதர்காட் உயர்நிலைப் பள்ளி என்று பல பள்ளிக்கூடங்களில் வேலை பார்த்தார். பிறகு உடற்பயிற்சிக் கல்வியிலும் டிப்ளமோ பெற்றார். பகலில் வகுப்பறை, மாலையில் மைதானம். இதுதான் அவருடைய வாழ்க்கை.

1943-ம் ஆண்டு வாக்கில் ஐதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளர் பொறுப்பு அவரிடம் வந்தது. சாகும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

சங்கத்தின் செயலாளர் என்றால் நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவர் என்று நினைத்து விடக்கூடாது. ரகீம் தெருத் தெருவாகச் சிறுவர்களைத் தேடிப் பிடித்தார். அவர்களுக்கென்று புதுமையான போட்டிகள் நடத்தினார்.

ஒரு போட்டியில், பந்தைக் காலிலேயே வைத்துக் கொண்டு ஓடக்கூடாது. வந்த பந்தை உடனே இன்னொருவருக்குத் தள்ளிவிட வேண்டும். இன்னொரு போட்டியில், பழக்கப்பட்ட காலால் பந்தை உதைக்கக்கூடாது. வலது கால்காரன் இடது காலால்தான் ஆட வேண்டும். சின்னப் பையன்களைப் பெரியவர்கள் இடித்துத் தள்ளிவிடாமல் இருக்க, குறிப்பிட்ட உயரத்துக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் தனிப் போட்டி.

வேடிக்கை போலத் தோன்றும் இந்த விதிகளுக்குள் பெரிய பாடம் இருந்தது. அந்தக் காலத்தில் நம் நாட்டில் கால்பந்து என்றால், ஒரு வீரன் நாலு பேரை ஏமாற்றிக் கடந்து போவதுதான் சாமர்த்தியம் என்று ஜனங்கள் கைதட்டினார்கள். ஆனால் மனிதன் எவ்வளவு வேகமாக ஓடினாலும், உதைத்த பந்து அதைவிட வேகமாகப் போகும். ஆகவே பந்தை ஓடவிட வேண்டும், தனித்திறமையைவிடக் கூட்டாட்டமே பெரிது என்பது ரகீம் கண்ட சூத்திரம். வாத்தியார் அல்லவா? அதை வாயால் சொல்லாமல், விளையாட்டாகவே பிள்ளைகள் மனதில் ஏற்றினார்.

போலீஸ் அணியின் ராஜ்ஜியம்

ஐதராபாத் நகரப் போலீஸ் அணிக்கு ரகீம் பயிற்சி அளித்தார். அவர் கைப்பட்டதும் அந்த அணி நாட்டையே ஆட்டி வைத்தது.

பம்பாயில் நடக்கும் ரோவர்ஸ் கோப்பைப் போட்டி அப்போது நாட்டின் மிகப்பெரிய போட்டிகளில் ஒன்று. அந்தக் கோப்பையை 1950 முதல் 1954 வரை, தொடர்ந்து 5 ஆண்டுகள் ஐதராபாத் போலீஸ் அணி தட்டிச் சென்றது. டெல்லி டுராண்டு கோப்பையையும் அந்த அணி விட்டு வைக்கவில்லை. கால்பந்து என்றால் கல்கத்தாதான் என்று இருந்த பெயரை, ஒரு பள்ளிக்கூட வாத்தியார் ஐதராபாத்துக்கும் பங்கு போட்டுக் கொடுத்தார்.

சந்தோஷ் கோப்பைக்கான தேசியப் போட்டியிலும் 1956-57, 1957-58 ஆகிய இரண்டு ஆண்டுகள் ஐதராபாத் அணியே வெற்றி பெற்றது.

வெறுங்காலில் வந்த தங்கம்

1951-ம் ஆண்டு மார்ச் மாதம், முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டி டெல்லியில் நடந்தது. நாடு விடுதலை பெற்று 4 ஆண்டுகூட நிறையவில்லை. உலகத்துக்கு முன்னால் தலைநிமிர்ந்து காட்ட வேண்டிய நேரம். இந்தியக் கால்பந்து அணியைத் தயார் செய்யும் பொறுப்பு ரகீமுக்குக் கொடுக்கப்பட்டது. காப்டன் வங்காள வீரர் சைலேன் மன்னா.

இந்தியா, ஈரான், ஜப்பான், ஆப்கானிஸ்தான், இந்தோனேசியா, பர்மா ஆகிய 6 நாடுகள் கால்பந்தில் கலந்து கொண்டன. இந்தியா முதலில் இந்தோனேசியாவை 3-0 என்ற கோல் கணக்கில் தோற்கடித்தது. அடுத்து ஆப்கானிஸ்தானையும் அதே 3-0 கணக்கில் வென்றது.

இறுதி ஆட்டத்தில் எதிரி ஈரான். பிரதமர் நேரு நேரில் வந்து ஆட்டத்தைப் பார்த்தார். நம் வீரர்கள் பலர் பூட்ஸ் போடாமல் வெறுங்காலுடன் ஆடியவர்கள். சாகு மேவாலால் அடித்த ஒரே கோலில் இந்தியா வென்றது. ஆசியாவின் முதல் கால்பந்துத் தங்கம் இந்தியாவுக்குக் கிடைத்தது.

ஹெல்சிங்கியில் விழுந்த அடி

ஆனால் அடுத்த ஆண்டே பலத்த அடி விழுந்தது. 1952-ல் ஹெல்சிங்கியில் நடந்த ஒலிம்பிக் போட்டியில், யூகோஸ்லாவியா அணி இந்தியாவை 10-1 என்ற கணக்கில் நசுக்கியது. குளிர் நாட்டு மைதானத்தில் பூட்ஸ் இல்லாத கால்கள் வழுக்கின. பெங்களூர் வீரர் அகமது கான் அடித்த ஒரு கோல்தான் ஆறுதல்.

வேறு ஒருவராக இருந்தால் அத்தோடு ஒதுங்கி இருப்பார். ரகீம் ஒதுங்கவில்லை. தோல்வியையும் ஒரு பாடமாக எடுத்துக் கொண்டார். அந்த ஒலிம்பிக்குக்குப் பிறகு இந்திய வீரர்கள் பூட்ஸ் அணிந்துதான் ஆட வேண்டும் என்பது கட்டாயம் ஆக்கப்பட்டது. ஐரோப்பிய அணிகள், குறிப்பாக அங்கேரி நாட்டு அணி, ஆட்களை எப்படி நிறுத்துகிறது, எப்படி இடம் மாற்றுகிறது என்பதை ரகீம் கூர்ந்து கவனித்தார். இந்தியாவில் காலங்காலமாக இருந்துவந்த முறையை மாற்றினார்.

கொழும்புக் கோப்பை

அந்த நாட்களில் நம் பக்கத்து நாடுகள் சேர்ந்து ஒரு கால்பந்துப் போட்டி நடத்தின. அதற்குக் கொழும்புக் கோப்பைப் போட்டி என்று பெயர். இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, பர்மா ஆகிய நாலு நாடுகளின் தேசிய அணிகள் மட்டும் ஆடின. 1952-ல் கொழும்பிலும், 1953-ல் ரங்கூனிலும், 1954-ல் கல்கத்தாவிலும், 1955-ல் டாக்காவிலும் போட்டி நடந்தது.

முதல் ஆண்டு இந்தியாவும் பாகிஸ்தானும் கோப்பையைப் பகிர்ந்து கொண்டன. மற்ற மூன்று ஆண்டுகளும் இந்தியாவே வென்றது. நாடு பிரிந்து 5 ஆண்டுதான் ஆகி இருந்தது. நேற்றுவரை ஒரே மைதானத்தில் ஒன்றாக ஆடியவர்கள், இன்று இரண்டு கொடிகளின் கீழ் எதிரெதிராக நின்றார்கள். ஹெல்சிங்கியில் விழுந்த அடிக்குப் பிறகு நம் வீரர்களுக்கு மீண்டும் தெம்பு கொடுத்தது இந்தப் போட்டிதான்.

சைக்கிளுக்கு ஒரு ரூபாய்

ஐதராபாத்தை ஒட்டி உள்ள செகந்திராபாத், பட்டாளத்து ஊர். பிழைப்பைத் தேடிப் போன தமிழ்க் குடும்பங்கள் அங்கே ஏராளம். அந்த வட்டாரத்தில் அம்முகூடா என்ற இடத்தில், 1936-ம் ஆண்டு ஓர் ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் ஒரு பையன் பிறந்தான். பெயர் துளசிதாஸ் பலராம்.

பையனுக்குப் பந்தாட்டம் என்றால் உயிர். ஆனால் வீட்டு நிலைமையோ கஷ்டம். ஒரு நாள் அவன் ஆட்டம் ரகீமின் கண்ணில் பட்டது. பயிற்சிக்கு ஐதராபாத் வரும்படி ரகீம் கூப்பிட்டார். போவதற்கு ஆசைதான். ஆனால் அவ்வளவு தூரம் தினமும் போய்வரக் கையில் காசு இல்லை. பையன் தயங்கினான்.

காரணம் தெரிந்ததும் ரகீம் யோசிக்கவே இல்லை. வாடகைச் சைக்கிள் எடுத்துக் கொண்டு வரும்படி, தன் கையில் இருந்து ஒரு ரூபாய் கொடுத்தார். ஆசிரியர் சம்பளம் வாங்குகிறவருக்கு அந்தக் காலத்தில் ஒரு ரூபாய் சின்னத் தொகை அல்ல.

அந்த ஒரு ரூபாய் வீண் போகவில்லை. வாடகைச் சைக்கிள் மிதித்து வந்த அந்தப் பையன், 1956, 1960 ஆகிய இரண்டு ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியாவுக்காக ஆடினார். பிரதீப் குமார் பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் ஆகிய மூன்று பேரும் இந்தியக் கால்பந்தின் மும்மூர்த்திகள் என்று பெயர் பெற்றார்கள். 1962-ம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது பலராமுக்குக் கிடைத்தது.

அதே ஐதராபாத்தில் பிறந்த இன்னொருவர் பீட்டர் தங்கராஜ். பனைமரம் போல் உயர்ந்த மனிதர். பட்டாளத்தில் சேர்ந்து, வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்ட் அணிக்காக ஆடிப் புகழ்பெற்றார். முன்வரிசையில் ஆடத் தொடங்கியவர், பிறகு கோல்கீப்பர் ஆனார். அவர் கோல் முனையில் நின்றால், எதிரணிக்குக் கோல் கம்பமே சுருங்கிவிட்டது போலத் தோன்றும்.

உலகத்தில் நாலாவது இடம்

1956-ல் மெல்போர்ன் நகரில் ஒலிம்பிக் போட்டி நடந்தது. ரகீம் பயிற்சி அளித்த இந்திய அணி அங்கே போனது. முதல் சுற்றில் மோத வேண்டிய அங்கேரி வரவில்லை. அடுத்த ஆட்டத்தில் எதிரி ஆஸ்திரேலியா. சொந்த மண், சொந்த ஜனங்கள். இருந்தும் இந்தியா 4-2 என்ற கணக்கில் வென்றது. பம்பாய் வீரர் நெவில் டிசௌசா ஒருவரே 3 கோல் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் ஒரே ஆட்டத்தில் 3 கோல் போட்ட முதல் ஆசிய வீரர் அவர்தான்.

அரை இறுதியில் மீண்டும் அதே யூகோஸ்லாவியா. ஹெல்சிங்கியில் 10 கோல் போட்டவர்கள். இம்முறை முதல் கோலைப் போட்டதே இந்தியாதான். கடைசியில் 4-1 என்று தோற்றாலும், 4 ஆண்டுகளில் நம் அணி எவ்வளவு வளர்ந்து விட்டது என்பதை உலகம் பார்த்தது. மூன்றாவது இடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் தோற்று, இந்தியா நாலாவது இடம் பெற்றது. ஒலிம்பிக்கில் அரை இறுதி வரை போன முதல் ஆசிய நாடு இந்தியாவே.

1960-ல் ரோம் ஒலிம்பிக். பிரான்சு அணியுடன் 1-1 என்று சமநிலை. பலம் மிகுந்த அங்கேரியிடம் 2-1 என்ற குறைந்த வித்தியாசத்தில்தான் தோல்வி. இந்த அணியில் தமிழ்நாட்டு வீரர் சைமன் சுந்தர்ராஜும் இடம் பெற்று இருந்தார். இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்கில் ஆடியது அதுவே கடைசி.

ஜகார்த்தா

ரகீமின் வாழ்க்கையில் மிகப்பெரிய சோதனை 1962-ல் வந்தது.

இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. இஸ்ரேல், தைவான் வீரர்களுக்கு இந்தோனேசியா அனுமதி கொடுக்கவில்லை. அப்படியானால் இதை ஆசியப் போட்டி என்று அழைக்கக்கூடாது என்று இந்தியப் பிரதிநிதி குரு தத் சோந்தி வாதாடினார். இதனால் ஜகார்த்தா மக்களின் கோபம் முழுவதும் இந்தியா மீது திரும்பியது. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. இந்திய வீரர்கள் வெளியே நடமாடவே பயப்படும் நிலைமை.

இன்னொரு பக்கம், ரகீமின் உடல்நிலை. நுரையீரலில் புற்றுநோய். எமன் வாசலில் வந்து நிற்கிற நேரத்தில்தான் அவர் ஜகார்த்தாவில் அணியைக் கட்டி மேய்த்துக் கொண்டிருந்தார்.

ஆரம்பமும் சரியாக இல்லை. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1 என்று வென்றாலும், அந்த ஆட்டத்தில் பின்கள வீரர் ஜர்னைல் சிங் தலையில் பலத்த காயம் அடைந்தார். தையல் போட வேண்டியதாயிற்று. மூன்றாவது ஆட்டத்தில் ஜப்பானை 2-0 என்று வென்று அரை இறுதிக்குப் போனது இந்தியா.

இங்கேதான் ரகீமின் மூளை வேலை செய்தது. தலையில் கட்டுடன் இருக்கும் ஜர்னைல் சிங்கைப் பின்களத்தில் நிறுத்த முடியாது. அதற்காக அப்படி ஒரு வீரரை வெளியே உட்கார வைக்கவும் ரகீமுக்கு மனம் இல்லை. ஆகவே அவரை முன்வரிசைக்கு அனுப்பினார். கோல் விழாமல் தடுப்பவரை, கோல் போடும்படி அனுப்பினார்!

அரை இறுதியில் தென்வியட்நாமை இந்தியா 3-2 என்று வென்றது. காப்டன் சுனி கோஸ்வாமி 2 கோல். மீதி ஒரு கோல் அடித்தது யார்? தலைக்கட்டுடன் ஆடிய ஜர்னைல் சிங்!

இறுதி ஆட்டத்தில் மீண்டும் தென்கொரியா. முதல் நாள் இரவு ரகீம் வீரர்களை அழைத்துப் பேசினார். மறுநாள் அவர்களிடம் இருந்து தமக்கு ஒரு பரிசு வேண்டும் என்றும், அது தங்கப் பதக்கம்தான் என்றும் கேட்டுக் கொண்டார். அதுவரை யாரிடமும் எதையும் கேட்டு அறியாத மனிதர் கேட்டது அது ஒன்றுதான் என்று வீரர்கள் உருகிப் போனார்கள்.

1962 செப்டம்பர் 4. ஜகார்த்தா செனாயன் ஸ்டேடியம். சுமார் ஒரு லட்சம் பேர் கூட்டம். இந்திய அணி களத்தில் இறங்கியதும் ஊளையிட்டார்கள். நம் தேசிய கீதம்கூடக் காதில் விழாத அளவுக்குக் கூச்சல். அந்தக் கூட்டத்தில் இந்தியாவுக்காகக் குரல் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? ஆக்கிப் போட்டியில் இந்தியாவைத் தோற்கடித்திருந்த பாகிஸ்தான் வீரர்கள்!

காய்ச்சலில் கிடந்து எழுந்த தங்கராஜ் கோல் முனையில் நின்றார். கால் விரல் காயத்துடன் திரிலோக் சிங் ஆடினார். தலைக்கட்டுடன் ஜர்னைல் சிங் முன்வரிசையில் நின்றார். காயம்பட்டவர்களை வைத்துக் கொண்டே ரகீம் போருக்குப் புறப்பட்டார் என்று சொல்ல வேண்டும்.

17-வது நிமிடத்தில் பானர்ஜி முதல் கோலை அடித்தார். 20-வது நிமிடத்தில் ஜர்னைல் சிங் இரண்டாவது கோல். கூச்சலிட்ட கூட்டம் வாயடைத்துப் போயிற்று. ஆட்டம் முடிய 5 நிமிடம் இருக்கும்போது கொரியா ஒரு கோல் திருப்பியது. அதற்கு மேல் அவர்களைத் தங்கராஜும் அவர் முன்னால் நின்றவர்களும் விடவில்லை. 2-1 என்ற கணக்கில் இந்தியாவுக்குத் தங்கம்!

வாத்தியார் கேட்ட பரிசைச் சிஷ்யர்கள் கொடுத்து விட்டார்கள்.

மறைவு

ஊர் திரும்பிய ரகீமை நோய் விடவில்லை. 1963-ம் ஆண்டு ஜூன் 11-ந்தேதி ஐதராபாத்தில் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 53. தங்கம் வாங்கி ஓர் ஆண்டுகூட ஆகவில்லை.

அவரோடு இந்தியக் கால்பந்தின் அதிர்ஷ்டமும் போய் விட்டது என்று பழைய ரசிகர்கள் சொல்வது உண்டு. அதிர்ஷ்டம் அல்ல, போனது உழைப்பும் திட்டமும்தான். 1964-ல் ஆசியக் கோப்பைப் போட்டியில் இரண்டாவது இடம். 1970-ல் பாங்காக் ஆசிய விளையாட்டில் வெண்கலம். அந்த அணிக்குக் காப்டன், ரகீமின் ஊரான ஐதராபாத்தில் வளர்ந்த சையது நயீமுதீன். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா பெற்ற கடைசிப் பதக்கம் அதுதான்.

சிறந்த பயிற்சியாளர்களுக்கு மத்திய அரசு வழங்கும் துரோணாச்சாரியார் விருது 1985-ல்தான் ஏற்படுத்தப்பட்டது. ரகீம் இறந்து 22 ஆண்டுகளுக்குப் பிறகு! அவருடைய சிஷ்யர்களில் பானர்ஜி, பலராம், சுனி கோஸ்வாமி, ஜர்னைல் சிங், தங்கராஜ் என்று வரிசையாக அர்ஜுனா விருது வாங்கினார்கள். அர்ஜுனன்களை உண்டாக்கிய துரோணருக்கு மட்டும் விருது இல்லை.

ரகீமின் மகன் சையது சாகித் அக்கீமும் கால்பந்து வீரர். ரோம் ஒலிம்பிக் அணியில் இருந்தவர். விமானப் படையில் அதிகாரியாகவும், சர்வதேச நடுவராகவும் விளங்கினார். 2021-ல் காலமானார். ரகீமின் வாழ்க்கையைத் தழுவி "மைதான்" என்ற இந்திப் படம் 2024-ல் வெளிவந்தது. அஜய் தேவ்கன் ரகீமாக நடித்தார். அந்தப் பெயரையே கேள்விப்படாத இளைஞர்கள் பலர், படத்தைப் பார்த்த பிறகுதான் இப்படியும் ஒருவர் இருந்தாரா என்று விசாரித்தார்கள்.

தங்கராஜ் 2008-லும், பானர்ஜியும் சுனி கோஸ்வாமியும் 2020-லும், பலராம் 2023-லும் மறைந்தார்கள். பேரும் புகழும் வந்த பிறகும், முதுமையிலும், சைக்கிள் வாடகைக்கு ரகீம் சாகிப் கொடுத்த அந்த ஒரு ரூபாயைப் பலராம் மறக்கவில்லை. கேட்டவர்களிடம் எல்லாம் அதைச் சொல்லிக் கொண்டுதான் இருந்தார்.